பழைய லேப்டாப்பை எடைக்குப் போடுறீங்களா? 'டெலிட்' செய்த பிறகும் ஹார்ட் டிஸ்க்கில் மிச்சம் இருப்பது என்ன?

"பழைய பேப்பர், பழைய இரும்பு, ஓடாத டி.வி., உடைஞ்ச லேப்டாப் எதுவா இருந்தாலும் எடுத்துக்கறோம்..."

ஞாயிற்றுக்கிழமை காலையில் குத்தம்பாக்கம், திருமழிசை, பூந்தமல்லி பக்கம் இருப்பவர்களுக்கு இந்த ஸ்பீக்கர் சத்தம் பழக்கமானதுதான். சில வாரங்களுக்கு முன்பு எங்கள் தெருவுக்கும் அந்த மினி டெம்போ வந்தது. அக்கா பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப் பல வருடமாகப் பரணில் கிடந்தது. அம்மா அதை இறக்கி வெளியே வைத்துவிட்டார். "அதுல ஒண்ணும் இல்லடா, எல்லாத்தையும் உங்க அக்கா கல்யாணத்துக்கு முன்னாடியே அழிச்சிட்டா" என்றார்.

கொஞ்சம் பொறுங்க அண்ணே என்று டெம்போகாரரிடம் சொல்லிவிட்டு, ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன். அன்று மாலை ஒரு யு.எஸ்.பி. கேபிள் மூலமாக அதை என் கம்ப்யூட்டரில் இணைத்து, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ரெக்கவரி மென்பொருள் ஒன்றை ஓட விட்டேன். இரவுச் சாப்பாடு முடிவதற்குள் வந்துவிட்டது: அப்பாவின் பான் கார்டு ஸ்கேன், ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், பெரியம்மா மகள் வளைகாப்பு போட்டோக்கள், ஹாஸ்டலில் அக்காவும் தோழிகளும் எடுத்துக்கொண்ட படங்கள். எல்லாமே 'அழித்தாகிவிட்டது' என்று நாங்கள் நம்பியவை.

என்னிடம் எந்த ஹேக்கிங் திறமையும் கிடையாது. நான் படித்தது பி.ஏ. தமிழ். எனக்கே இவ்வளவு சுலபமாகக் கிடைத்தது என்றால், கெட்ட எண்ணத்தோடு தேடுபவருக்கு? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

டெலிட் பட்டனை அழுத்தினால் உண்மையில் என்ன நடக்கிறது?

பட்டாவில் ஒருவரின் பெயரை நீக்கினால், அந்த இடத்தில் இருக்கும் வீடு இடிந்து விழுந்துவிடுமா? விழாது. பதிவேட்டில் பெயர் இருக்காது, வீடு அப்படியே நிற்கும். வேறொருவர் வந்து அதை இடித்துப் புது வீடு கட்டும்வரை நிற்கும்.

கம்ப்யூட்டரும் இப்படித்தான் வேலை செய்கிறது. எந்த ஃபைல் எந்த இடத்தில் இருக்கிறது என்று ஒரு பதிவேடு வைத்திருக்கும். நீங்கள் டெலிட் செய்து, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்யும்போது, அந்தப் பதிவேட்டில் மட்டும் "இந்த இடம் காலி" என்று குறித்துக்கொள்ளும். போட்டோவோ டாக்குமென்ட்டோ அந்த இடத்திலேயே இருக்கும். புதிய ஃபைல் எதுவும் அதன் மேல் எழுதப்படாத வரைக்கும் அதைத் திரும்ப எடுக்க முடியும்.

'குயிக் ஃபார்மட்' செய்தாலும் இதே கதைதான். அங்கே பதிவேடு மொத்தமும் புதிதாக மாற்றப்படுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் ஒரு டெரா பைட் டிஸ்க் சில நொடிகளில் 'ஃபார்மட்' ஆகிவிடுகிறது. ஒரு டெரா பைட் முழுவதையும் நிஜமாகவே அழிக்க வேண்டும் என்றால் மணிக்கணக்கில் ஆகும். வினாடிக்கு 150 எம்.பி. வேகத்தில் எழுதினாலும் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். சீக்கிரம் முடிந்துவிட்டது என்றாலே சந்தேகப்படுங்கள்.

இதெல்லாம் நிஜமாகவே நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. சாதாரண ஆட்களுக்கு மட்டுமல்ல, உலகின் மிகப் பெரிய நிறுவனங்களுக்கே நடந்திருக்கிறது. நான்கு சம்பவங்களைப் பாருங்கள்.

1. மாணவர்கள் வாங்கிய 158 டிஸ்க்குகள்: அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த சிம்சன் கார்ஃபின்கெல், அபி ஷெலட் என்ற இரண்டு மாணவர்கள், ஏலத் தளங்களிலும் பழைய பொருள் கடைகளிலும் 158 ஹார்ட் டிஸ்க்குகளை வாங்கிப் பார்த்தார்கள். அதில் 129 வேலை செய்தன. 69 டிஸ்க்குகளில் இருந்து ஃபைல்களை மீட்க முடிந்தது. 49-ல் முக்கியமான தனிப்பட்ட தகவல்கள் இருந்தன. மொத்தமாக 5,000-க்கும் மேற்பட்ட கிரெடிட் கார்டு எண்கள் கிடைத்தன. ஒரு டிஸ்க் இலினாய் மாநிலத்தில் ஒரு ஏ.டி.எம். இயந்திரத்தில் இருந்தது. அவர்கள் இந்த ஆய்வை வெளியிட்டது 2003-ல். இருபது வருடத்துக்கும் மேல் ஆகிவிட்டது, நாம் இன்னும் அதே தவறைத்தான் செய்துகொண்டிருக்கிறோம்.

2. மார்கன் ஸ்டான்லி கட்டிய அபராதம்: இந்த வங்கி 2016-ல் தன்னுடைய இரண்டு தகவல் மையங்களை மூடியது. அங்கே இருந்த சர்வர்களையும் ஹார்ட் டிஸ்க்குகளையும் அகற்றும் வேலையை, டேட்டா அழிப்பில் எந்த அனுபவமும் இல்லாத ஒரு பொருள் இடமாற்ற நிறுவனத்திடம் கொடுத்தது. கடைசியில் சில டிஸ்க்குகள் வாடிக்கையாளர் தகவலோடு இணைய ஏலத் தளத்தில் விற்பனைக்கு வந்துவிட்டன. அமெரிக்க வங்கிக் கண்காணிப்பு அமைப்பு 2020 அக்டோபரில் 6 கோடி டாலர் அபராதம் போட்டது. பங்குச் சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2022 செப்டம்பரில் மேலும் 3.5 கோடி டாலர் விதித்தது. பாதிப்புக்கு ஆளானதாக ஆணையம் சொன்ன வாடிக்கையாளர்கள் சுமார் 1.5 கோடி பேர்.

3. ஜெராக்ஸ் மெஷினுக்குள் மருத்துவ ரகசியம்: நாம் ஜெராக்ஸ் மெஷின் என்று சொல்லும் டிஜிட்டல் காப்பியர்கள் பலவற்றுக்குள் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. நகல் எடுக்கும் பக்கத்தின் படம் அதில் பதிவாகலாம். 2010-ல் அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சி சில பழைய காப்பியர்களை வாங்கிச் சோதித்தது. ஒன்றில் அஃபினிட்டி என்ற மருத்துவக் காப்பீட்டு நிறுவனத்தின் உறுப்பினர்களுடைய மருத்துவ விவரங்கள் இருந்தன. வாடகைக்கு எடுத்த மெஷின்களைத் திருப்பிக் கொடுக்கும்போது டிஸ்க்கை யாரும் அழிக்கவில்லை. 3,44,579 பேர் வரை பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று கணக்கிடப்பட்டது. 2013-ல் அந்த நிறுவனம் 12 லட்சம் டாலருக்கு மேல் கட்டி விவகாரத்தை முடித்துக்கொண்டது.

4. ரிப்பேருக்குப் போன லேப்டாப்: ஹாங்காங் நடிகர் எடிசன் சென் 2006-ல் தன் லேப்டாப்பை ரிப்பேருக்குக் கொடுத்தார். 2008 ஜனவரியில், அவரும் பல நடிகைகளும் இருந்த அந்தரங்கப் படங்கள் இணையத்தில் வெளியாகின. படங்களை நகல் எடுத்த கடை ஊழியருக்கு 2009-ல் சிறைத் தண்டனை கிடைத்தது. ஆனால் படங்களில் இருந்த பெண்களின் வாழ்க்கையும் வேலையும் புரட்டிப் போடப்பட்டது. சட்டம் தண்டனை கொடுத்தது, படங்களைத் திரும்பப் பெற்றுத் தர முடியவில்லை.

நான்கிலும் ஒரு பொதுவான விஷயத்தைக் கவனியுங்கள். எங்கேயும் யாரும் ஃபயர்வாலை உடைக்கவில்லை, பாஸ்வேர்டைத் திருடவில்லை. உரிமையாளரே தன் கையால் எடுத்துக் கொடுத்ததுதான்.

நம்ம ஊருக்கு இது ஏன் இப்போது முக்கியம்?

முதல் காரணம், அரசு லேப்டாப். 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு சுமார் 50 லட்சம் லேப்டாப்கள் கொடுக்கப்பட்டன. பல வீடுகளில் அதுதான் முதல் கம்ப்யூட்டர். அப்பா, அம்மா, அண்ணன், பக்கத்து வீட்டுப் பிள்ளை எல்லோருடைய விண்ணப்பமும் சான்றிதழும் அதில்தான் ஏறியது. அந்த லேப்டாப்களில் பெரும்பாலானவை இன்று பரணில் இருக்கின்றன, அல்லது கை மாறிக்கொண்டிருக்கின்றன.

இரண்டாவது காரணம், விண்டோஸ் 10. 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கான வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. பழைய கம்ப்யூட்டர்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதனால் சிறிய அலுவலகங்கள், டியூஷன் சென்டர்கள், ஆடிட்டர் ஆபீஸ்கள் எல்லாம் பழைய சிஸ்டங்களை மாற்றுகின்றன. மாற்றியது எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

மூன்றாவது, இந்தப் பகுதியின் தன்மை. ஒரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் எலெக்ட்ரானிக்ஸ் பொருட்கள் தயாராகின்றன. இன்னொரு பக்கம் அம்பத்தூரில் தகவல் மையங்கள் வந்திருக்கின்றன. நடுவில் சின்னச் சின்ன பட்டறைகள், ஜெராக்ஸ் கடைகள், பிரவுசிங் சென்டர்கள், கிளினிக்குகள். பெரிய தகவல் மையத்துக்கு டிஸ்க்கை அழிக்கத் தனி விதிமுறை இருக்கும். நூறு பேருடைய ஆதார் ஸ்கேன் கிடக்கும் பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டருக்கு என்ன விதிமுறை? ஓனர் ஞாபகமாகச் செய்தால் உண்டு.

மின்னணுக் கழிவின் அளவும் சாதாரணமானதில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி 2021-22-ல் இந்தியாவில் உருவான மின்னணுக் கழிவு சுமார் 16 லட்சம் டன். அதில் கணிசமான பகுதி பழைய இரும்புக் கடை வழியாகத்தான் போகிறது. அந்தக் கடைக்காரர்களைக் குற்றம் சொல்வது நியாயம் இல்லை. அவர்கள் பார்ப்பது எடையை, உள்ளே இருக்கும் போட்டோவை அல்ல. ஆனால் அவர்களிடமிருந்து பொருள் எத்தனை கை மாறுகிறது என்பது அவர்களுக்கே தெரியாது.

குத்தம்பாக்கத்துக்கு இது புதிதாகச் சொல்லித் தர வேண்டிய பாடமும் இல்லை. சென்னையின் குப்பையைக் கொண்டுவந்து இங்கே கொட்டும் திட்டத்தை எதிர்த்துப் போராடிய ஊர் இது. ஒருவர் தூக்கிப் போட்டது மறைந்து போவதில்லை, இன்னொருவர் வாசலுக்கு வருகிறது என்று இந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். டேட்டாவும் அப்படிப்பட்ட குப்பைதான்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: உங்களிடம் இருப்பது ஹார்ட் டிஸ்க்கா, எஸ்.எஸ்.டி.யா?

அழிக்கும் முறை இரண்டுக்கும் வேறு வேறு. இங்கேதான் நிறைய பேர் தப்பு செய்கிறார்கள்.

ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டுகள் இருக்கும், தகவல் காந்தப் பதிவாக இருக்கும். ஓடும்போது லேசான சத்தம், அதிர்வு தெரியும். பழைய லேப்டாப், டெஸ்க்டாப், சி.சி.டி.வி. பெட்டி இவற்றில் இருப்பது பெரும்பாலும் இதுதான்.

எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பாகமே கிடையாது, எல்லாம் சிப். பென் டிரைவ், மெமரி கார்டு, செல்போன் மெமரி எல்லாம் இதே குடும்பம். இந்த சிப்களில் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப எழுதினால் அந்த இடம் தேய்ந்துவிடும். அதனால் டிரைவே உள்ளுக்குள் இடத்தை மாற்றி மாற்றி எழுதும். நீங்கள் "பழைய ஃபைல் மேலே எழுது" என்று சொன்னால், அது புதிய இடத்தில் எழுதிவிட்டு, பழையதை அப்படியே ஒதுக்கி வைத்திருக்கலாம்.

விண்டோஸில் உங்களுடையது எது என்று பார்க்க, 'டாஸ்க் மேனேஜர்' திறந்து 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'டிஸ்க்' என்ற இடத்தைப் பாருங்கள். ஹெச்.டி.டி. அல்லது எஸ்.எஸ்.டி. என்று போட்டிருக்கும்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழக சான் டியாகோ ஆய்வாளர்கள் 2011-ல் இதைச் சோதித்தார்கள். எஸ்.எஸ்.டி.யில் ஒரு ஃபைலை மட்டும் மேலெழுதி அழிக்கப் பார்த்தபோது, அதன் உள்ளடக்கத்தில் 4 முதல் 75 சதவீதம் வரை மிச்சம் இருந்தது. இன்னொரு அதிர்ச்சியும் இருந்தது. தன்னை முழுவதுமாக அழித்துக்கொள்ளும்படி கட்டளை கொடுத்தபோது, ஒரு டிரைவ் "முடிந்துவிட்டது" என்று பதில் சொன்னது. திறந்து பார்த்தால் டேட்டா மொத்தமும் அப்படியே இருந்தது. அதனால்தான் அழித்த பிறகு சரிபார்ப்பதும் அவசியம்.

35 முறை அழிக்க வேண்டுமா?

யூடியூப் வீடியோக்களில் "35 தடவை ஓவர்ரைட் பண்ணணும்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். இந்த எண் எங்கிருந்து வந்தது? நியூசிலாந்தைச் சேர்ந்த பீட்டர் குட்மன் 1996-ல் எழுதிய ஒரு ஆய்வுக் கட்டுரையில் இருந்து. அந்தக் காலத்து விதவிதமான ஹார்ட் டிஸ்க் தொழில்நுட்பங்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவர் போட்ட கணக்கு அது. ஒரு டிஸ்க்குக்கு 35 முறையும் தேவை என்று அவர் சொல்லவில்லை. ஜனங்கள் அதை ஏதோ மந்திரம் மாதிரி எடுத்துக்கொண்டார்கள் என்று அவரே பிறகு எழுதினார்.

இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு முழுமையாக ஒரு முறை மேலெழுதினால் போதும் என்பதுதான் அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பான நிஸ்ட் வெளியிட்ட வழிகாட்டுதல். உலகம் முழுக்க நிறுவனங்கள் பின்பற்றும் இந்த ஆவணம், அழிப்பதை மூன்று படிகளாகப் பிரிக்கிறது. சாதாரண முறையில் மீட்க முடியாதபடி மேலெழுதுவது முதல் படி. ஆய்வகத்தில் வைத்தாலும் மீட்க முடியாதபடி டிரைவின் சொந்தக் கட்டளை மூலம் அழிப்பது இரண்டாவது. டிரைவையே பொடியாக்குவது மூன்றாவது. வீட்டு உபயோகத்துக்கு முதல் இரண்டு போதும்.

சரி, எப்படி அழிப்பது? ஸ்டெப் பை ஸ்டெப்

தொடங்கும் முன்: வேண்டியதை வேறு டிரைவில் எடுத்து வையுங்கள். எடுத்து வைத்ததைத் திறந்தும் பாருங்கள். கூகுள், மைக்ரோசாஃப்ட், ஆப்பிள் கணக்குகளில் இருந்து வெளியேறுங்கள். பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைக் கவனியுங்கள். கீழே சொல்லும் எதையும் செய்த பிறகு "ஐயோ, அந்த ஃபைல்!" என்று வருத்தப்பட்டுப் பயனில்லை.

விண்டோஸ் லேப்டாப், இன்னும் ஓடுகிறது என்றால்:

• 'செட்டிங்ஸ்' போய் 'ரெக்கவரி' பகுதியில் 'ரீசெட் திஸ் பிசி' தேர்வு செய்யுங்கள்.

• 'ரிமூவ் எவ்ரிதிங்' கொடுங்கள். இதோடு நிறுத்திவிட்டால் வேலை பாதிதான் முடியும்.

• அடுத்து வரும் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' உள்ளே போய் 'க்ளீன் டேட்டா' என்பதற்கு 'யெஸ்' கொடுங்கள். பலர் விட்டுவிடுவது இந்த ஒரு இடம்தான்.

• லேப்டாப்பை சார்ஜரில் போட்டுவிட்டு விடுங்கள். பல மணி நேரம் ஆகலாம். கரண்ட் கட் ஆகும் நேரம் பார்த்து ஆரம்பிக்காதீர்கள்.

ஹார்ட் டிஸ்க்கைத் தனியாகக் கழற்றி வைத்திருந்தால்: யு.எஸ்.பி. கேபிளில் வேறு கம்ப்யூட்டரோடு இணைத்து, 'ஃபார்மட்' கொடுக்கும்போது 'குயிக் ஃபார்மட்' டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் விஸ்டாவில் இருந்தே, இப்படிச் செய்யும் முழு ஃபார்மட் டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களை எழுதுகிறது. எந்த டிரைவைத் தேர்வு செய்கிறீர்கள் என்று இரண்டு முறை பாருங்கள். தப்பான டிரைவை அழித்துவிட்டு அழுதவர்கள் நிறைய பேர். டிஸ்க்கில் 'டி', 'இ' என்று பல பகுதிகள் இருந்தால் ஒவ்வொன்றையும் அழிக்க வேண்டும்.

எஸ்.எஸ்.டி. என்றால்: அந்த டிரைவைத் தயாரித்த நிறுவனமே கொடுக்கும் மென்பொருளைப் பயன்படுத்துங்கள். சாம்சங், கிங்ஸ்டன், வெஸ்டர்ன் டிஜிட்டல், க்ரூஷியல் எல்லோரிடமும் இருக்கிறது. அதில் 'செக்யூர் எரேஸ்' அல்லது 'சானிடைஸ்' என்ற வசதியைத் தேடுங்கள். டெல், ஹெச்.பி., லெனோவோவின் அலுவலக மாடல் லேப்டாப்கள் பலவற்றில் பயோஸ் மெனுவிலேயே இந்த வசதி இருக்கிறது.

மேக் என்றால்: ஆப்பிள் சிப் அல்லது டி2 சிப் உள்ள மாடல்களில் 'எரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ்' கொடுத்தால் போதும். உள்ளே இருக்கும் தகவல் ஏற்கெனவே என்க்ரிப்ட் ஆகியிருக்கும். அதன் சாவி அழிக்கப்படும். பூட்டைத் திறக்கும் சாவியே உலகத்தில் இல்லை என்றால் பெட்டி இருந்தும் பயன் இல்லை.

அழித்த பிறகு: ஒரு இலவச ரெக்கவரி மென்பொருளை நீங்களே ஓட விட்டுப் பாருங்கள். உங்கள் பழைய ஃபைல்கள் எதுவும் வராவிட்டால் நிம்மதியாகக் கொடுக்கலாம். எங்கள் வீட்டு டிஸ்க்கில் நானும் முழு ஃபார்மட் முடித்துவிட்டு இதைத்தான் செய்தேன். இரண்டாவது முறை ஒரு போட்டோகூட வரவில்லை.

லேப்டாப் ஆன் ஆகவில்லை. பரவாயில்லையா?

பரவாயில்லை என்று நினைப்பதுதான் ஆபத்து. லேப்டாப் ஆன் ஆகாததற்குப் பெரும்பாலும் மதர்போர்டோ, பவரோ, டிஸ்ப்ளேவோ காரணமாக இருக்கும். டிஸ்க் நல்லாவே இருக்கும். கழற்றி வேறு சிஸ்டத்தில் மாட்டினால் எல்லாம் வந்துவிடும். விண்டோஸ் பாஸ்வேர்டு போட்டிருந்தாலும் இதைத் தடுக்காது, டிஸ்க் என்க்ரிப்ட் ஆகாமல் இருந்தால்.

அதனால் ஆன் ஆகாத லேப்டாப்பைக் கொடுப்பதற்கு முன் டிஸ்க்கை மட்டும் கழற்றி வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்க்கே செத்துப்போயிருந்தால் உடைப்பதுதான் வழி. தட்டுகளைத் துளைக்கும்படி டிரில் மெஷினால் பல இடத்தில் ஓட்டை போடலாம். லேப்டாப் டிஸ்க்குகள் பலவற்றில் தட்டு கண்ணாடியால் ஆனது, சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கண்ணாடியும் கையுறையும் போடாமல் செய்யாதீர்கள். எஸ்.எஸ்.டி. என்றால் உள்ளே இருக்கும் ஒவ்வொரு மெமரி சிப்பும் உடைய வேண்டும். மேல் மூடியைத் தட்டினால் போதாது.

செய்யவே கூடாதவை: தீ வைத்துக் கொளுத்துவது (புகை விஷம்), பேட்டரியோடு சேர்த்து சுத்தியலால் அடிப்பது (லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும்). தண்ணீரில் ஊறப் போடுவதும், ஃப்ரிட்ஜ் காந்தத்தை வைத்துத் தேய்ப்பதும் வேலைக்கு ஆகாது.

செல்போன், மெமரி கார்டு, சி.சி.டி.வி. பெட்டி?

ஆண்ட்ராய்டு போன்: ரொம்பப் பழைய போன்களில் ஃபேக்டரி ரீசெட் முழுமையாக அழிக்காது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-ல் 21 பழைய போன்களை வாங்கிச் சோதித்து இதைக் காட்டினார்கள். ஆண்ட்ராய்டு 4.3 வரையிலான போன்கள் அவை. அப்படிப்பட்ட 50 கோடி போன்கள் வரை உலகில் இருக்கலாம் என்று மதிப்பிட்டார்கள். இப்போதைய போன்களில் தகவல் என்க்ரிப்ட் ஆகியே இருப்பதால் ஃபேக்டரி ரீசெட் போதுமானது. பழைய போன் என்றால் முதலில் 'என்க்ரிப்ட் போன்' கொடுத்துவிட்டு, அப்புறம் ரீசெட் செய்யுங்கள்.

மெமரி கார்டு, பென் டிரைவ்: போனோடு சேர்த்து மெமரி கார்டையும் கொடுத்துவிடுவது சாதாரணமாக நடக்கும் தவறு. இவற்றின் விலை குறைவு. விற்காதீர்கள், உடைத்துவிடுங்கள்.

சி.சி.டி.வி. பெட்டி: வீட்டுக்கு யார் எத்தனை மணிக்கு வருகிறார், போகிறார், குழந்தை எப்போது ஸ்கூல் விட்டு வருகிறது என்பதெல்லாம் அதன் டிஸ்க்கில் இருக்கிறது. புதிய செட் மாற்றும்போது பழைய பெட்டியை டெக்னீஷியனிடம் அப்படியே விடாமல், டிஸ்க்கைக் கழற்றி முழு ஃபார்மட் செய்யுங்கள்.

ஜெராக்ஸ் கடை, அலுவலகம் வைத்திருப்பவர்கள்: மெஷினை மாற்றும்போது உள்ளே டிஸ்க் இருக்கிறதா என்று சர்வீஸ் இன்ஜினீயரிடம் கேளுங்கள். இருந்தால், உங்கள் கண் முன்னால் அழிக்கச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம், மற்றவர்களுடைய தகவலை வைத்திருக்கும் நிறுவனங்கள் அதைப் பாதுகாக்க வேண்டும், தேவை முடிந்ததும் அழிக்க வேண்டும் என்கிறது. பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியமான கடமைகள் அதிலிருந்து 18 மாதம் கழித்துத்தான் நடைமுறைக்கு வருகின்றன.

சொந்த, வீட்டு உபயோகத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகள், பொருளை யார் திரும்பப் பெற்று மறுசுழற்சி செய்ய வேண்டும் என்பதைத்தான் பிரதானமாகப் பேசுகின்றன. ஆக, உங்கள் வீட்டு லேப்டாப்பில் இருக்கும் டேட்டாவுக்கு நீங்கள்தான் காவல்.

ஒருவேளை படங்களோ ஆவணங்களோ தவறாகப் பயன்படுத்தப்பட்டுவிட்டால், தயங்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். ஒருவரின் அந்தரங்க உறுப்புகள் தெரியும் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் வெளியிடுவது, தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66இ பிரிவின் கீழ் 3 ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆதார் நகல் தவறான கைக்குப் போயிருக்கும் என்று சந்தேகம் இருந்தால், ஆதார் இணையதளத்திலோ ஆப்பிலோ கைரேகை, கருவிழிப் பதிவை லாக் செய்யலாம்.

அப்படியென்றால் எல்லாவற்றையும் உடைத்துவிடலாமா?

வேண்டாம். பயந்துபோய் எல்லாவற்றையும் உடைப்பதும் நஷ்டம்தான், பரணிலேயே போட்டு வைப்பதும் நஷ்டம்தான். ஐ.நா. கணக்குப்படி 2022-ல் உலகம் முழுவதும் 6.2 கோடி டன் மின்னணுக் கழிவு உருவானது. அதில் முறையாகச் சேகரிக்கப்பட்டது கால் பங்குகூட இல்லை. சரியாக அழிக்கப்பட்ட ஒரு டிஸ்க் இன்னும் சில வருடம் ஓடும். இன்னொரு பிள்ளை அதில் படிக்கலாம்.

இதில் நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. 'ரீசெட்' என்று ஒரு பட்டன் வைத்துவிட்டு, நிஜமாக அழிக்கும் வசதியை நான்கு மெனு தள்ளி ஒளித்து வைத்தால், சாதாரண ஆள் எப்படிக் கண்டுபிடிப்பார்? டிரைவ் முழுவதையும் ஆரம்பத்திலேயே என்க்ரிப்ட் செய்வது போன்களில் வழக்கமாகிவிட்டது. எல்லா லேப்டாப்களிலும் அது வழக்கமானால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருக்காது. அதுவரை நீங்களே புது லேப்டாப் வாங்கிய அன்றைக்கே என்க்ரிப்ஷனை ஆன் செய்துவிட்டு, ரெக்கவரி கீயை பத்திரமாக வேறு இடத்தில் எழுதி வைத்துவிடுங்கள். பிற்காலத்தில் அழிப்பது சுலபம்.

கொடுப்பதற்கு முன் ஒரு நிமிடம்

• டெலிட், குயிக் ஃபார்மட் இரண்டும் அழிப்பு ஆகாது.

• ஹார்ட் டிஸ்க்: ஒரு முறை முழு ஃபார்மட் போதும். எஸ்.எஸ்.டி.: தயாரிப்பாளரின் 'செக்யூர் எரேஸ்'.

• ஆன் ஆகாத லேப்டாப்பில் இருந்து டிஸ்க்கைக் கழற்றாமல் கொடுக்காதீர்கள்.

• ரிப்பேருக்குக் கொடுக்கும்போதும் முடிந்தால் டிஸ்க்கைக் கழற்றிக் கொடுங்கள்.

• முடிந்தவரை பதிவு பெற்ற மின்னணுக் கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடமோ, பிராண்டுகளின் திரும்பப் பெறும் திட்டத்திலோ கொடுங்கள். அலுவலகம் என்றால், சீரியல் எண் குறிப்பிட்ட டேட்டா அழிப்புச் சான்றிதழ் கேட்டு வாங்குங்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த டெம்போ திரும்ப வந்தது. அக்காவின் லேப்டாப்பைக் கொடுத்துவிட்டோம். டிஸ்க்கை மட்டும் கொடுக்கவில்லை. அதில் இப்போது பக்கத்து வீட்டுப் பையன் காலேஜ் ப்ராஜெக்ட் வைத்திருக்கிறான். வளைகாப்பு போட்டோக்களை மட்டும் தனியாக எடுத்து அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "இதெல்லாம் போயிடுச்சுன்னு நெனச்சேன்டா" என்று பதில் வந்தது. போயிடுச்சு என்று நாம் நினைப்பது எல்லாம் போய்விடுவதில்லை. இந்த முறை அது எங்கள் கையிலேயே கிடைத்தது, அவ்வளவுதான்.